இரும்பு ப்ளாக்கா, அலுமினிய ப்ளாக்கா? 300 ஹெச்பி ஆசையும் ஆவடி தம்பியோட 9.25 லட்ச ரூபா கணக்கும்

நம்ம சேனல்ல வழக்கமா ஹோம் லோன், டேர்ம் இன்சூரன்ஸ், எஸ்ஐபின்னு பேசிட்டு இருப்போம். "என்ன திடீர்னு இன்ஜின் ப்ளாக்?"னு கேக்கறீங்களா? போன வீடியோவுல பத்து நிமிஷத்துல சொன்னதை இங்க முழுசா எழுதறேன். இதுவும் பணம் சம்பந்தப்பட்ட கதைதான். அதுவும் எங்க வீட்டுக் கதை.

ஆவடியில என் சித்தி வீடு. சித்தி பையனுக்கு 27 வயசு, அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஐடி கம்பெனியில வேலை. மூணு வருஷம் முன்னாடி 2014 மாடல் போலோ ஜிடி டிஎஸ்ஐ ஒண்ணை செகண்ட் ஹேண்ட்ல எடுத்தான். 1.2 லிட்டர் டர்போ, கம்பெனி கொடுத்த பவர் 105 பிஎஸ். நல்ல வண்டி. அதை அப்படியே ஓட்டியிருந்தா இந்தக் கட்டுரையே இல்லை. யாரோ ஒரு ட்யூனர்கிட்ட ரீமேப் பண்ணான், பூஸ்ட்டை ஏத்தினான். ஏப்ரல் மாச வெயில்ல வண்டலூர்–மீஞ்சூர் ரிங் ரோடுல ஒருநாள் நல்லா மிதிச்சிருக்கான். "டிக் டிக்"னு சத்தம், புகை, டோ வண்டி. பிரிச்சுப் பாத்தா மூணாவது சிலிண்டர்ல பிஸ்டனோட ரிங் லேண்ட் உடைஞ்சு போரை கீறி வெச்சிருக்கு.

சித்தி போன் பண்ணாங்க. "நீதான்பா காசு விஷயம் எல்லாம் வீடியோவுல பேசற. இவன் திருநின்றவூர் மனைக்கு சேத்து வெச்ச பணத்தை எடுத்து இன்ஜின்ல போடப் போறானாம். நீயாவது கேளு."

சனிக்கிழமை போனேன். பையன் எக்செல் ஷீட்டோட ரெடியா இருந்தான். "அண்ணா, தப்பு என் மேல இல்லண்ணா. அலுமினிய ப்ளாக்கு பவர் தாங்காது. இரும்பு ப்ளாக் 1.8 டிஎஸ்ஐ இன்ஜின் ஒண்ணை போலோவுல போட்டு 300 ஹெச்பி எடுத்துடலாம். இரும்புன்னா வாழ்நாளுக்கும் கவலையில்லை."

அவன் சொன்னதுல பாதி சரி. எந்தப் பாதின்னு தெரியாம பணம் போட்டாதான் ஆபத்து.

முதல்ல, எது எதுக்கு நல்லது?

இன்ஜின் ப்ளாக்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: பிஸ்டன் மேலயும் கீழயும் போய்வர்ற சிலிண்டர்கள், கீழ கிராங்க் உக்கார்ற இடம், சுத்தி கூலன்ட் ஓடற வழி, எல்லாம் சேந்த ஒரே வார்ப்பு. மத்த பாகம் எல்லாம் இதுமேல பூட்டினதுதான். வீட்டுக்கு அஸ்திவாரம் மாதிரி.

எரியற நேரத்துல சிலிண்டருக்குள்ள 100 பார் அழுத்தம் வருதுன்னு வெச்சுக்கோங்க. 1.8 டிஎஸ்ஐயோட போர் 82.5 மில்லிமீட்டர். கணக்கு போட்டா ஒரு பிஸ்டன் தலைமேல 5 டன்னுக்கு மேல சுமை. நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை. அவ்வளவு அடியிலயும் சிலிண்டர் வட்டமா இருக்கணும், ஹெட் கேஸ்கெட் உக்கார்ற முகம் நேரா இருக்கணும், கிராங்க் பேரிங் எல்லாம் ஒரே கோட்டுல நிக்கணும். ப்ளாக்கோட வேலை இதுதான்.

வார்ப்பிரும்பு, அதாவது நம்ம பட்டறைக்காரங்க சொல்ற காஸ்ட் அயர்ன், விறைப்புல அலுமினியத்தை விட ஏறக்குறைய ஒண்ணரை மடங்கு. சூட்டுல விரியறது பாதிதான். உள்ளுக்குள்ள இருக்கற கிராஃபைட் செதில் அதிர்வை உறிஞ்சிக்கும், எண்ணெயையும் பிடிச்சு வெச்சுக்கும். அதனால பிஸ்டன் நேரா அந்த இரும்புலயே உரசி ஓடலாம். தனி ஸ்லீவ் தேவையில்லை.

அலுமினியம் எடையில இரும்பைவிட மூணுல ஒரு பங்கு கிட்டதான். ஆனா விறைப்பு கம்மிங்கறதால சுவரை தடிமனா வைக்கணும். கடைசியில ஒரே சைஸ் ப்ளாக் ரெண்டை தராசுல வெச்சா, அலுமினியம் ஏறக்குறைய பாதி எடை வரும். சூட்டை வேகமா கடத்தும். ஆனா வெறும் அலுமினியத்துல பிஸ்டன் ரிங் உரசினா சீக்கிரம் தேஞ்சுடும். அதனால உள்ள இரும்பு லைனர் வைப்பாங்க, இல்லைன்னா உலோகத்தை உருக்கி மெல்லிய பூச்சா ஸ்ப்ரே பண்ணுவாங்க. தம்பியோட 1.2 டிஎஸ்ஐயில அலுமினிய ப்ளாக்குக்குள்ள வார்ப்பிரும்பு லைனர் இருக்கு. அதாவது அவன் பிஸ்டன் இத்தனை நாளும் ஓடினது இரும்புலதான்! அதைச் சொன்னதும் பையன் முகம் கொஞ்சம் மாறிச்சு.

இன்னொரு விஷயம். பாடியில அலுமினிய டை-காஸ்டிங் பல வருஷமா நடந்திருக்கு, சுந்தரம் கிளேட்டன் பேரு இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். டை-காஸ்டிங்னா எஃகு அச்சுக்குள்ள உருகின அலுமினியத்தை பெரிய அழுத்தத்துல அடிக்கறது. அதே அச்சு திரும்பத் திரும்ப வேலை செய்யும், அதனால லட்சக்கணக்குல பண்ண மலிவு. ஆனா அந்த அழுத்தத்துல மணல் கோர் நிக்கறது கஷ்டம். அதனால டை-காஸ்ட் ப்ளாக்குல சிலிண்டரைச் சுத்தி மேல்பக்கம் பெரும்பாலும் திறந்தே இருக்கும். இதைத்தான் ஓப்பன் டெக்னு சொல்றாங்க. கிணத்துக்குள்ள நாலு குழாயை நட்டு வெச்ச மாதிரி. சாதாரண பவருக்கு பிரச்சினையே இல்லை. பவர் ரொம்ப ஏத்தும்போது அந்தக் குழாயோட தலை ஆடும், ஹெட் கேஸ்கெட் போகும். இரும்பு ப்ளாக்கை மண் அச்சுல வார்ப்பாங்க. ஒவ்வொரு தடவையும் அச்சை உடைக்கணும், செலவும் நேரமும் கூட. ஆனா மேல்பக்கத்தை மூடி, வலுவா பண்ண முடியும்.

ஆக "அலுமினியம் வீக்கு"ன்னு பையன் நினைச்சதுல பாதி, உலோகத்தோட பிரச்சினையே இல்லை. வார்ப்பு முறையோட பிரச்சினை. டொயோட்டா சுப்ராவோட 2ஜேஇசட் இரும்பு, அதை வெச்சுத்தான் இன்டர்நெட் முழுக்க இரும்புக்கு கோயில் கட்டியிருக்காங்க. ஆனா அதுக்கு அடுத்த தலைமுறை சுப்ராவோட 3 லிட்டர் இன்ஜின் பிஎம்டபிள்யூ பி58, அது அலுமினியம், மேல்பக்கம் மூடின க்ளோஸ்டு டெக். நிசான் ஜிடி-ஆரோட 3.8 லிட்டர் இன்ஜினும் அலுமினியம், லைனர் கிடையாது, பிளாஸ்மா பூச்சுதான். அந்த ரெண்டையும் "பவர் தாங்காது"ன்னு யாரும் சொல்ல மாட்டாங்க.

சித்தப்பா வாயைத் திறந்தார்

இவ்வளவு நேரம் பேப்பர் படிச்சுட்டு இருந்த சித்தப்பா, கண்ணாடியைக் கழட்டினார். அவர் ஆவடி இன்ஜின் ஃபேக்டரியில இருந்து ரிட்டயர் ஆனவர்.

"டேய், நாங்க வாழ்க்கை முழுக்க பண்ணதே அலுமினிய ப்ளாக்தான்டா. ஆயிரம் ஹார்ஸ் பவர்."

பையனுக்கு தூக்கிவாரிப் போட்டுது. வீட்டுலயே ஒருத்தர் இருந்திருக்கார், கேக்கவே இல்லை.

ஆவடி பக்கம் இருக்கறவங்களுக்குத் தெரியும், வெளியூர்க்காரங்களுக்காக சொல்றேன். 1961ல அங்க கனரக வாகனத் தொழிற்சாலை வந்துச்சு, விஜயந்தா டாங்க் அங்கதான் உருவாச்சு. 1987ல டாங்க் இன்ஜினுக்குன்னே தனி ஃபேக்டரி. டி-72 அஜேயாவுக்கு 780 ஹெச்பி வி-46 இன்ஜின், டி-90 பீஷ்மாவுக்கு 1,000 ஹெச்பி வி-92 இன்ஜின், ரெண்டும் அங்க தயாராகுது. இந்த ரெண்டும் முழுக்க உள்நாட்டு பாகங்களோட செஞ்சு, 2018 ஜூலையில அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் நிர்மலா சீதாராமன் ஆவடிக்கு வந்து ராணுவத்துக்கிட்ட ஒப்படைச்சாங்க. 2021 அக்டோபர்ல இருந்து இந்த ஃபேக்டரிகள் ஆவடியையே தலைமையிடமா வெச்ச ஏவிஎன்எல் கம்பெனிக்குக் கீழ வந்துடுச்சு.

இந்த இன்ஜின்களோட பூர்வீகம் ரெண்டாம் உலகப்போர் காலத்து டி-34 டாங்க்ல வந்த வி-2 டீசல். 12 சிலிண்டர், கிட்டத்தட்ட 38.8 லிட்டர். அந்தக் காலத்துலயே ப்ளாக் அலுமினிய அலாய், உள்ள எஃகு லைனர். அன்னைக்கு 500 ஹெச்பி. அதே கொள்ளளவு, அதே அடிப்படை அமைப்பு, சூப்பர்சார்ஜர், அப்புறம் டர்போன்னு சேத்து சேத்து 1,000 ஹெச்பி வரைக்கும் கொண்டுபோனாங்க. டாங்க்கே நாப்பது டன்னுக்கு மேல, அதுல ப்ளாக்கோட எடையை ஏன் குறைக்கணும்னு கேக்கலாம். இன்ஜின் அறை சின்னதா, எடை கம்மியா இருந்தா மிச்சப்படற எடையை கவசத்துக்குப் போடலாம்.

"அப்போ அலுமினியமே போதும்லப்பா"ன்னு பையன் உடனே கட்சி மாறினான். எனக்கு சிரிப்பு வந்துடுச்சு.

இங்கதான் ஒரு சின்ன வகுத்தல் கணக்கு. 1,000 ஹெச்பியை 38.8 லிட்டரால வகுத்தா லிட்டருக்கு 26 ஹெச்பி கூட வரலை. தம்பியோட 1.2, கம்பெனி ட்யூன்லயே லிட்டருக்கு 88. அவன் கேக்கற 300 ஹெச்பியை 1.8 லிட்டர்ல எடுத்தா லிட்டருக்கு 167. டாங்க் இன்ஜின் ஆயிரம் குதிரைங்கறதால பெரிய விஷயம் இல்லை, மொத்த பவரை பெரிய கொள்ளளவு பங்கு போட்டுக்குது. சிலிண்டருக்குள்ள எவ்வளவு அழுத்தம், எவ்வளவு சூடுங்கறதுதான் ப்ளாக்கை சோதிக்கும். ஆவடியோட சிவிஆர்டிஇ வடிவமைப்புல வந்த 1,500 ஹெச்பி இன்ஜின் 2024 மார்ச்சுல மைசூரு பிஇஎம்எல்ல முதல் தடவை ஓடிச்சு. அதைப் பத்தி சித்தப்பா அரைமணி நேரம் பேசினார். அதை எழுதினா இந்தக் கட்டுரை முடியாது.

உடைஞ்சது ப்ளாக் இல்லை

தம்பியோட இன்ஜின்ல உடைஞ்சது என்ன? பிஸ்டன். எதனால? அதிக பூஸ்ட், அதிக இக்னிஷன் அட்வான்ஸ், கொதிக்கற வெயில், அதனால டெட்டனேஷன், நம்ம ஊர்ல "நாக்கிங்". அந்த ட்யூனை அப்படியே இரும்பு ப்ளாக்குல போட்டிருந்தாலும் அதே பிஸ்டன் அதே மாதிரிதான் உடைஞ்சிருக்கும். இரும்பு ப்ளாக் பிழைச்சிருக்கும், ஆனா பில் வந்திருக்கும்.

அடுத்து கியர்பாக்ஸ். இதைத்தான் யாரும் சொல்லித் தர்றதில்லை. 6,000 ஆர்பிஎம்ல 300 ஹெச்பி வேணும்னா அந்த இடத்துல 356 நியூட்டன் மீட்டர் டார்க் வேணும், இது வெறும் பெருக்கல் கணக்கு. போலோ ஜிடி டிஎஸ்ஐயில இருக்கற ஏழு கியர் டிஎஸ்ஜி, உலர் கிளட்ச், டிக்யூ200. அதோட வரம்பே 250 நியூட்டன் மீட்டர். இந்தியாவுல வந்த 180 பிஎஸ் ஆக்டேவியா 1.8 டிஎஸ்ஐக்கும் இதே பெட்டிதான், அதனாலதான் அந்த இன்ஜினை சரியா 250லயே கட்டி வெச்சிருந்தாங்க. ஆக்டேவியா ஆர்எஸ் 230ல 350 நியூட்டன் மீட்டர் கொடுத்தப்போ, எண்ணெயில முங்கின கிளட்ச் இருக்கற ஆறு கியர் பெட்டிக்கு மாறினாங்க. கம்பெனி இன்ஜினியர்களே ப்ளாக்கை பாத்து இல்லை, பெட்டியை பாத்துத்தான் டார்க்கை முடிவு பண்றாங்க.

1.8 டிஎஸ்ஐ ப்ளாக் இரும்புங்கறது உண்மை. அந்த இஏ888 குடும்பத்தோட மூணாவது தலைமுறையில சுவர் தடிமன் சுமார் 3 மில்லிமீட்டர்தான், அவ்வளவு மெல்லிசா இரும்பை வார்த்து எடையைக் குறைச்சிருக்காங்க. அருமையான ப்ளாக். போலோவுக்குள்ள அந்த இன்ஜின் உக்காருமான்னா, உக்காரும். 2016ல கம்பெனியே போலோ ஜிடிஐன்னு 192 பிஎஸ்ஸோட இந்தியாவுல வித்தாங்க, விலை 25 லட்சத்துக்கு மேல. ஆக தொழில்நுட்பமா தம்பி கேட்டது நடக்கற காரியம்தான். ஆனா எக்செல் ஷீட்டைப் பாக்கணும்ல.

எக்செல் ஷீட்

இது தம்பி மூணு இடத்துல கேட்டு வாங்கின மதிப்பீடு. உங்க ஊர்ல, உங்க வண்டிக்கு வேற மாதிரி இருக்கும், இதை விலைப்பட்டியலா எடுத்துக்காதீங்க.

விபத்து வண்டியில இருந்து எடுத்த இரும்பு ப்ளாக் 1.8 இன்ஜின், ஹெட்டோட, 2.25 லட்சம். ஆறு கியர் டிஎஸ்ஜி 90 ஆயிரம். ஈசியூ, வயரிங், ட்யூனிங் 1.20 லட்சம். மவுன்ட், டிரைவ்ஷாஃப்ட் 80 ஆயிரம். பெரிய டர்போ, எரிபொருள் பம்ப் 1.75 லட்சம். இன்டர்கூலர், ரேடியேட்டர், பிரேக் 1.10 லட்சம். கூலி 1.25 லட்சம். மொத்தம் 9.25 லட்சம்.

இந்த வரிசையை நிதானமா பாருங்க. "இரும்பா அலுமினியமா"ன்னு நாங்க ரெண்டு மணி நேரம் சண்டை போட்டோமே, அந்த முழு இன்ஜினோட பங்கு மொத்த பில்லுல கால்வாசி கூட இல்லை. மீதி எல்லாம், எந்த உலோகமா இருந்தாலும் செய்ய வேண்டிய செலவு.

கையில 5.25 லட்சம், திருநின்றவூர் மனைக்கு அட்வான்ஸ் கொடுக்க வெச்சது. மீதி 4 லட்சம் பர்சனல் லோன், 14 சதவீதம், மூணு வருஷம். இஎம்ஐ 13,671 ரூபா. மொத்தம் கட்டறது 4.92 லட்சம், அதுல வட்டி மட்டும் 92 ஆயிரம். இதே 13,671ஐ மாசாமாசம் 6.5 சதவீத ஆர்டியில போட்டிருந்தா மூணு வருஷத்துல 5.4 லட்சம் கையில இருக்கும். ஒரு பக்கம் மனை அட்வான்ஸ் போச்சு, இன்னொரு பக்கம் அதை திரும்ப சேக்கறதுக்கான மாச சேமிப்பும் போச்சு. நான் அவன்கிட்ட பயப்படச் சொன்னது இந்த ரெண்டாவது விஷயத்துக்குத்தான்.

அடுத்தது வண்டியோட வயசு. 2014 வண்டிக்கு 2029ல 15 வருஷம் முடியும், ஆர்சியை புதுப்பிக்கணும், ஆய்வுக்குக் கொண்டுபோகணும். போலோ உற்பத்தியே இந்தியாவுல 2022ல நின்னுடுச்சு. இன்னும் சில வருஷத்துல ஆய்வுக்குப் போகப்போற வண்டியில ஒன்பது லட்சம். வாங்கறவன் அந்த ஒன்பது லட்சத்துக்கு ஒரு ரூபா கூட சேத்து தரமாட்டான். மாத்தின வண்டின்னா இன்னும் குறைச்சுத்தான் கேப்பான்.

ஆர்டிஓவும் இன்சூரன்ஸும்

ஆர்சி புக்குல இன்ஜின் நம்பர் இருக்கு, 1,197 சிசின்னு இருக்கு. 1,798 சிசி இன்ஜினைப் போட்டுட்டு பூந்தமல்லி ஆர்டிஓவுக்கு போய் "சார், மாத்திக் கொடுங்க"ன்னா நடக்காது. பழுதான இன்ஜினுக்கு பதிலா அதே வகை இன்ஜின் போட்டு, பில்லோட ஆர்சியில பதியறதுக்கு வழி இருக்கு. வேற கொள்ளளவு, வேற பவர்னா அது மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு சொல்ற மாற்றம். கம்பெனி ஒரிஜினலா கொடுத்த அமைப்பை மாத்தக் கூடாதுன்னு உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில சொல்லிடுச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்துல, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபா அபராதம், இல்லைன்னா ஆறு மாசம் வரைக்கும் சிறை, ரெண்டும் சேத்தும் இருக்கலாம்னு 182ஏ பிரிவு சொல்லுது.

அபராதத்தை விட பெரிய அடி இன்சூரன்ஸ். சொல்லாம இன்ஜினை மாத்திட்டு ஒரு விபத்துன்னா ஓன் டேமேஜ் க்ளெய்மை நிராகரிக்க அவங்களுக்கு நல்ல காரணம் கிடைச்சாச்சு. சரி, ரோடுல ஓட்டலை, இருங்காட்டுக்கோட்டை ட்ராக்ல மட்டும் ஓட்டறேன்னு தம்பி சொன்னான். பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு ஹைவேயில கொஞ்ச தூரம், 1990ல இருந்து ஓடற ட்ராக், ஆசை வரத்தான் செய்யும். ஆனா சாதாரண கார் பாலிசியை எடுத்து "பயன்பாட்டு வரம்பு"ங்கற பகுதியைப் படிங்க. ரேஸ், வேகப் பரிசோதனை எல்லாம் கவர்ல வராதுன்னு தெளிவா போட்டிருக்கும். ட்ராக்ல சுவத்துல இடிச்சா முழுச் செலவும் நம்ம பாக்கெட்.

அப்போ இரும்பு எப்போ, அலுமினியம் எப்போ?

எல்லாத்துக்கும் "வேண்டாம்"னு சொல்ற ஆள் நான் இல்லை. பணம் தனியா இருக்கு, கடன் இல்லை, ட்ராக் வண்டின்னே ஒண்ணு கட்டப் போறீங்கன்னா, என் கருத்து இது: கம்மி பட்ஜெட்ல அதிக பூஸ்ட் போடறவங்களுக்கு இரும்புதான். பிரியமா சொல்லலை, ரிப்பேர் கணக்குல சொல்றேன். இரும்பு ப்ளாக்கை அம்பத்தூர்லயோ பாடியிலயோ இருக்கற மெஷின் ஷாப் எதுலயும் அரை மில்லிமீட்டர் ரீபோர் பண்ணி, ஹோனிங் போட்டு, ஓவர்சைஸ் பிஸ்டன் கிடைச்சா திரும்ப ஓட்டிடலாம். தப்பு பண்ணாலும் ரெண்டாவது வாய்ப்பு இருக்கு. விரிசல் பாக்கறதும் சுலபம், காந்தப் பொடி சோதனையில தெரிஞ்சுடும். அலுமினியத்துல காந்தமே ஒட்டாது, சாயம் ஊத்தித்தான் பாக்கணும். ஹெட் போல்ட் மரை போறதும் அலுமினியத்துலதான் அதிகம்; ஒவ்வொரு தடவையும் டார்க் ரெஞ்ச் இல்லாம இறுக்கினா மரை கையோட வந்துடும்.

பூச்சு மட்டும் இருக்கற ப்ளாக்னா ரெண்டு தடவை யோசிங்க. இப்போ டைகுன், விர்டஸ்ல வர்ற 150 பிஎஸ் 1.5 டிஎஸ்ஐ அந்த வகை. ஓட்டறவரைக்கும் அருமை. போர் கீறிடுச்சுன்னா சும்மா ரீபோர் பண்ண முடியாது, பூச்சு போயிடும். ஸ்லீவ் போடணும், இல்லைன்னா புது ப்ளாக்.

சொந்தமா நல்ல அலுமினிய இன்ஜின் ஏற்கனவே இருக்கு, பவரை 20–30 சதவீதம் மட்டும் ஏத்தணும், தினசரி ஆபீஸுக்கும் அதே வண்டின்னா, அதை விட்டுட்டு இரும்பைத் தேடிப்போறது வீண் செலவு. மூக்குல எடை ஏறும், முன்சக்கர வண்டி வளைவுல இன்னும் நேரா போகப் பாக்கும். கம்பெனிகளே அந்தப் பக்கம்தான் போறாங்க. 2022ல வந்த ஸ்கார்ப்பியோ கிளாசிக்ல மஹிந்திரா முழு அலுமினிய எம்ஹாக் போட்டு, பழைய இன்ஜினை விட 55 கிலோ குறைஞ்சதுன்னு விளம்பரமே பண்ணாங்க.

ரெண்டுக்கும் பொதுவா ஒண்ணு: தயவுசெஞ்சு போர் தண்ணியை ரேடியேட்டர்ல ஊத்தாதீங்க. நம்ம பக்கம் தண்ணி உப்பு. இரும்புல துரு, அலுமினியத்துல அரிப்பு, ரெண்டுலயும் உப்புப் படிவம். கம்பெனி சொன்ன கூலன்ட் ஒரு கேன் எவ்வளவு ஆகிடும்?

பழைய இன்ஜின் வாங்கறதா இருந்தா, புதுப்பேட்டையோ வேற எங்கயோ, இன்ஜின் நம்பர் சுரண்டியிருக்கான்னு பாருங்க. எந்த வண்டியில இருந்து வந்துச்சு, அந்த வண்டியோட ஆர்சி ரத்தானதுக்கு காகிதம் இருக்கா, ஜிஎஸ்டி பில் தருவாங்களான்னு கேளுங்க. "பில் எல்லாம் எதுக்கு சார்"னு சொன்னா அப்படியே திரும்பி வந்துடுங்க. திருட்டு வண்டி இன்ஜின்னா போலீஸ் உங்ககிட்டதான் வரும். ப்ளாக்கை போர் கேஜ் வெச்சு அளந்து, லீக்-டவுன் டெஸ்ட் பண்ணிட்டு பணம் கொடுங்க. அந்த சோதனைக்கு ஆகற சில ஆயிரம் ரூபாயை மிச்சம் பிடிக்காதீங்க.

தம்பி என்ன பண்ணான்?

அன்னைக்கு ராத்திரி அவன் ஒண்ணும் முடிவு சொல்லலை. கோவமாத்தான் இருந்தான். அடுத்த வாரம் சித்தப்பாவும் அவனும் சேந்து ப்ளாக்கை ஆட்டோவுல ஏத்திட்டு அம்பத்தூர்ல ஒரு மெஷின் ஷாப்புக்கு போயிருக்காங்க. இரும்பா இருந்தா ரெண்டு பேரால தூக்கியிருக்க முடியாதுன்னு சித்தப்பா வழி முழுக்க கிண்டல் பண்ணாராம். மூணாவது சிலிண்டர்ல கீறல் ஆழம், அதுக்கு மட்டும் புது ஸ்லீவ் போடணும், மத்த மூணுக்கு ஹோனிங் போதும்னு சொல்லியிருக்காங்க. நாலு பிஸ்டன், ரிங், பேரிங், கேஸ்கெட் செட், கூலி எல்லாம் சேத்து மதிப்பீடு 1.60 லட்சம். ட்யூனை கம்பெனி ஃபைலுக்கே திருப்பிடறதா ஒத்துக்கிட்டான்.

லோன் போடலை. 5.25 லட்சத்துல 1.60 போக 3.65 மிச்சம். மனை அட்வான்ஸ் ஏழு, எட்டு மாசம் தள்ளிப் போகும், சித்திக்கு அதுலயே வருத்தம்தான். உடைஞ்ச பழைய பிஸ்டன்களை காயலான் கடையில போடலாம்னு சித்தி எடுத்து வெச்சாங்க, இரும்பை விட அலுமினியத்துக்கு பல மடங்கு ரேட்டுல்ல. பையன் மூணை மட்டும் கொடுத்துட்டு, ரிங் லேண்ட் உடைஞ்ச அந்த நாலாவதை டிவி ஸ்டாண்டு மேல வெச்சிருக்கான். ஸ்லீவ் இன்னும் வரலை, ப்ளாக் இன்னும் மெஷின் ஷாப்லதான் இருக்கு. வண்டி ஸ்டார்ட் ஆகற அன்னைக்கு ஆவடி போய் வீடியோ எடுக்கறேன், பாத்துட்டு சொல்லுங்க.